ரிவர்கேட்டை இடித்த விரல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டது அறுபது சொற்கள் மட்டுமே.

ரிவர்கேட் அரங்கம் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு வெண்கலப் பலகை வைக்க வேண்டும், அதற்கு அரங்கத்தின் வரலாறு வேண்டும் என்றார்கள். நான் நகராட்சியில் பொறியாளன். இருபத்திரண்டு வருடம் அந்தக் கட்டடத்தின் விரிசல்களைப் பார்த்துக் குறிப்பெழுதியவன். அறுபது சொல் எழுதிக் கொடுத்தேன். பலகை சிறியது என்று சொல்லி நாற்பத்தொன்றாக வெட்டினார்கள். போன பிப்ரவரியில் திருகி மாட்டிவிட்டார்கள். அந்த வேலை முடிந்தது.

பலகையில் இடம் கிடைக்காதது இது. எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஓஹையோ நதி அன்று பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது." (என்றைக்குத்தான் அது பழுப்பாக ஓடவில்லை? அடித்துவிட்டேன்.)

"காங்கிரீட்டுக்கும் நினைவு உண்டு." (கிடையாது. காங்கிரீட்டுக்கு வெடிப்பு உண்டு, ஈரக்கசிவு உண்டு. நினைவு இருப்பது பக்கத்தில் நிற்பவர்களுக்கு.)

"வெர்னெல் பிக்கெட் முப்பத்தொரு வருடம் அந்த அரங்கத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை."

இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

ஆனால் அரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் வெர்னெலுக்கு வர முடியாது.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் நகரத்துப் பெரியவர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. பேஸ்பாலுக்கு ஓர் அரங்கம், அமெரிக்கக் கால்பந்துக்கு ஓர் அரங்கம் என்று எதற்கு இரண்டு? இரண்டுக்கும் பொதுவாக ஒன்றே கட்டினால் என்ன? பேஸ்பால் மைதானம் விசிறி வடிவம். கால்பந்து மைதானம் செவ்வகம். விசிறியையும் செவ்வகத்தையும் ஒரே பாத்திரத்தில் போட வேண்டுமென்றால் பாத்திரம் வட்டமாகத்தான் இருக்க முடியும். அப்படி ஐம்பத்திரண்டாயிரம் பேர் உட்காரும் காங்கிரீட் கிண்ணம் ஒன்று 1970-இல் நதிக்கரையில் எழும்பியது. பேஸ்பால் பார்க்க வந்தவர்கள் ஆட்டம் ரொம்பத் தூரத்தில் நடக்கிறது என்றார்கள். கால்பந்து பார்க்க வந்தவர்கள் முன்வரிசைத் தலை மறைக்கிறது என்றார்கள். இரண்டு தரப்பையும் சமமாகக் குறை சொல்ல வைத்த வகையில் அது பொதுவான அரங்கம்தான்.

அதே மாதிரி வட்டக் கிண்ணங்கள் அப்போது வேறு ஊர்களிலும் இருந்தன. எங்கள் அரங்கக் கடையில் இரண்டு வருடம் வேறொரு ஊர் அரங்கத்தின் படம் போட்ட தபால் அட்டையை விற்றார்கள். யாரும் புகார் சொல்லவில்லை.

அந்தக் கிண்ணம் எழுவதற்கு மூன்று வருடம் முன்னால், அதே இடத்தில் கூப்பர் தெரு என்று ஒன்று இருந்தது. கறுப்பினக் குடும்பங்கள் இருந்த தெரு. இரண்டு தேவாலயம், ஒரு முடிதிருத்தகம், அறுபத்து மூன்று வீடு. அறுபது நாள் கெடு கொடுத்து எல்லாவற்றையும் இடித்தார்கள். 418-ஆம் எண் வீட்டில் பிறந்தவள் வெர்னெல். கல்யாணமாகி, கணவன் லெமுவலோடும் அதே வீட்டில்தான் குடியிருந்தாள்.

3

இப்போது லெமுவல். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் உண்டு. நீங்களும் சந்தேகப்படலாம்.

தன் வீட்டை இடித்துக் கட்டிய அரங்கத்துக்கு ஒருவன் வேலைக்குப் போவானா? லெம் போனார். இரும்பாலையில் ஆள் குறைத்திருந்தார்கள். அரங்கத்தில் மைதானம் மாற்றும் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். ஆறாவது வருடத்தில் அந்தக் குழுவுக்கு அவரே மேஸ்திரி. செப்டம்பர் மாதம் வந்தால் ஞாயிறு கால்பந்து, செவ்வாய் பேஸ்பால். இடையில் நாற்பது பேர் சேர்ந்து ஏழாயிரம் இருக்கைகள் கொண்ட பார்வையாளர் பகுதி ஒன்றைத் தண்டவாளத்தில் உருட்டி நகர்த்துவார்கள். பந்தெறிபவர் நிற்கும் மண்மேட்டை அப்படியே இயந்திரத்தால் தரைக்குள் இறக்குவார்கள். செயற்கைப் புல் விரிப்புத் துண்டுகளைச் சட்டை ஜிப் மாதிரி பற்பூட்டு போட்டுச் சேர்ப்பார்கள். லெம் நடுவில் நின்று கையை மட்டும் அசைப்பார். கூச்சல் கிடையாது.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வெர்னெல் பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் மதியம் ஆறாம் எண் வாசலுக்குச் சாப்பாட்டோடு வந்து நின்றாள். வாசலில் ஒரு மஞ்சள் கோடு. செருப்பு நுனி அந்தக் கோட்டில் படாமல் நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டி டப்பாவைக் கொடுத்தாள். பிறகு முப்பத்தொரு வருடமும் அப்படித்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள் அவள். ஒருமுறை பிள்ளைகளை ஆட்டம் பார்க்கக் கூட்டிவந்து, அவர்கள் உள்ளே போய்த் திரும்பும் வரை மூன்றரை மணி நேரம் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நான் முதன்முதலில் அவளைப் பார்த்தது அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். என் பெயர் சுகுமாரன். லெம் அதை 'ஷுகர்' என்று சுருக்கி அறிமுகம் செய்தார்.

"ஷுகரா? பாத்தா அப்படி ஒண்ணும் இனிப்பா தெரியலயே" என்றாள் வெர்னெல்.

"உள்ள வாங்க மிஸஸ் பிக்கெட், வெயில்ல நிக்கறீங்களே."

"உள்ளதான் நிக்கறேன். இது எங்க முன்வாசல். நீங்கதான் எங்க வீட்டுக்குள்ள செருப்போட நிக்கறீங்க."

லெம் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரித்தாளா என்பதை

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

4

2000-இல் இரண்டு அணிகளும் தங்களுக்குத் தனித்தனி அரங்கம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டன. எந்த யோசனைக்காகக் கூப்பர் தெருவை இடித்தார்களோ, அந்த யோசனையே தப்பு என்று எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். ரிவர்கேட்டை வெடி வைத்து இடிக்க 2001 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள்.

அதை ஒரு விழாவாக்கினார்கள். நாளிதழில் ஒரு சீட்டு அச்சிட்டார்கள்: 'பொத்தானை அழுத்தப்போவது நீங்களா?' பெயரெழுதி, மடித்து, கடைகளில் வைத்த பெட்டியில் போட வேண்டும். பதினோராயிரம் சீட்டுகள் வந்தன. அதிலிருந்து ஒன்றை எடுக்க, யார் முகத்தைப் பார்த்தால் சந்தேகமே வராதோ அப்படிப்பட்ட ஊழியரைத் தேடி என்னைப் பிடித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து லெம் என் அலுவலகத்துக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"ஷுகர், உன் கோட்டுக் கை கொஞ்சம் தொளதொளன்னு இருக்குமே?"

"ஏன் மிஸ்டர் பிக்கெட்?"

"ஒரு காகிதம் ஒளிக்க எடம் இருக்குமான்னு கேட்டேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசை மேல் வைத்தார். வெர்னெல் பிக்கெட் என்று அவர் கையெழுத்தில் இருந்தது.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாளா? இங்க பாரு. முப்பத்தொரு வருஷம் அவ வீட்டு மேல நடந்து நடந்து சம்பளம் வாங்கியிருக்கேன். ஒரு நாளாவது போகாதேன்னு சொல்லியிருந்தா தேவலை. சொல்லல. சாப்பாடு கொண்டாந்து குடுத்துட்டுக் கோட்டுல நின்னா. இதுக்கு நான் என்னதான் செய்யறது? விழப்போறது விழுது. அவ கையால விழட்டுமே."

"உங்களுக்கு வருத்தமா இருக்காதா? உங்க இடமாச்சே."

"இருக்கும். அதனாலதான் குடுக்கறேன். வேண்டாததைத் தூக்கிக் குடுத்தா அதுக்குப் பேரு குடுக்கறதா?"

நான் சம்மதித்தேன். நட்புக்காக என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது பொய். வீட்டை இழந்தவளே அரங்கத்தைத் தகர்க்கிறாள்: இவ்வளவு கச்சிதமான முடிவு ஒரு கட்டடத்துக்கு எங்கே வாய்க்கும்? பலகைக்கும் முன்னால், இந்தக் கதைக்கும் முன்னால், மனதுக்குள் அதை எழுதி முடித்துவிட்டேன். கோட்டுக் கையில் சீட்டை வைத்துக்கொண்டு போய், பெட்டிக்குள் கை விட்டு, எடுத்தேன்.

(நியாயமாக எடுத்திருந்தால் வேறு யாருக்கோ விழுந்திருக்கும். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருடைய ஒரு காலைப்பொழுதை நான் திருடியிருக்கிறேன். அவர் இதைப் படித்தால் மன்னிக்கட்டும்; அவர் தமிழ் படிப்பவராக இருக்கும் வாய்ப்பு குறைவு என்பதில் எனக்கு ஆறுதல்.)

5

பரிசு விழுந்த செய்தி கேட்டு வெர்னெல் குதிக்கவில்லை, அழவில்லை, மறுக்கவும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இடிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாக்கணும். பாக்காத ஒண்ணை எப்படி இடிக்கறது?"

ஜனவரியில் ஒரு மதியம், நான் தலைக்கவசங்களும் சாவிக்கொத்துமாகப் போனேன். ஆறாம் எண் வாசலில் மஞ்சள் கோடு பனிக்கு அடியில் கிடந்தது. கோடு எங்கே என்று அவள் கேட்கவில்லை. நடந்து உள்ளே வந்துவிட்டாள். லெம்தான் ஒரு நொடி வாசலிலேயே நின்றுவிட்டார்.

இருக்கைகளைக் கழற்றியிருந்தார்கள். மைதானம் முழுக்க முழங்காலளவு பனி. லெம் எங்களை நேராக ஓரிடத்துக்குக் கூட்டிப்போனார். பேஸ்பால் நாட்களில் அது ஆட்டக்காரர்கள் தொட்டு ஓடும் மூன்றாம் தளத்துக்குப் பக்கம். கால்பந்து நாட்களில் இருபதாவது கெஜக் கோடு. பனியை மண்வெட்டியால் தள்ளி, புல்விரிப்பின் ஓரத்தைத் தூக்கினார். காங்கிரீட்டில் ஒரு பித்தளை ஆணி அடித்திருந்தது.

"இது என்ன?" என்றாள் வெர்னெல்.

"உன் சமையலறை."

"என்னது?"

"சேர்ந்த வருஷமே பழைய தெரு வரைபடத்தை வாங்கி அளந்து பாத்தேன். இங்கதான் அடுப்பு. நீ பிஸ்கட் சுடுவியே, அந்த அடுப்பு. மைதானம் மாத்தும்போது இந்த எடத்துல வண்டி ஏற விடமாட்டேன். பசங்ககிட்டச் சுத்திப் போங்கடான்னுடுவேன். கீழ குழாய் போகுதுன்னு சொல்லி வச்சிருந்தேன்."

அவள் குனிந்து ஆணியைப் பார்த்தாள். பிறகு எழுந்து நதி இருக்கும் திசையைப் பார்த்தாள். தேவாலயம் இருந்த திசையைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் விரித்து எதையோ அளந்தாள்.

"தப்பு" என்றாள்.

"என்ன தப்பு?"

"இது பின்கதவு. அடுப்பு இன்னும் நாலடி அந்தப் பக்கம்."

"வெர்னெல், நான் அளவெடுத்து..."

"நீ அளவெடுத்தே. நான் அங்க பொறந்தேன். நாலடி. முப்பத்தொரு வருஷம் பின்கதவுக்குக் காவல் காத்திருக்கே, லெம். அடுப்பு மேல ஊர்ப்பட்ட வண்டி ஓடியிருக்கு."

லெமின் முகம் தொங்கிப்போனது. ஆனால் அவள் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பனியில் உட்கார்ந்து சிரித்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் ஒரு நாளும் சொல்லல?" என்று சிரிப்புக்கு நடுவில் கேட்டாள்.

"நீ உள்ள வந்தா காட்டலாம்னு இருந்தேன்."

"நீ சொல்லியிருந்தா வந்திருப்பேனே, மடையா."

அவள் சிரிப்பு எப்போது வேறொன்றாக மாறியது என்று எனக்குத் தெரியாது. நான் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு தூரப் போய்விட்டேன்.

(இந்தப் பகுதியை நண்பர் ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். "ஆணியை நீ கற்பனை பண்ணினாயா?" என்றார். ஆணி நிஜம். நாலடியும் நிஜம். கற்பனை செய்திருந்தால் சரியான இடத்தில் அடித்திருப்பேன்.)

6

ஞாயிறு காலை. சாலைக்கு அந்தப் பக்கம் மேடை. எட்டு மணிக்கு வெடி. கூட்டம் காபிக் கோப்பைகளோடு பாலத்தின் மேல்வரை நின்றிருந்தது. லெம் மேடைக்குக் கீழே, தன் பழைய குழுவினரோடு. மேடையில் நகராட்சி விழா அதிகாரி ட்விலா ஹோக்ஸ்ட்ரா, வெர்னெல், ஒரு மேசை, அதன் மேல் சிவப்புப் பொத்தான் வைத்த பெட்டி. ஓரத்தில் நான்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு ட்விலா ஒரு நினைவுப் பரிசை எடுத்தாள். குலுக்கலில் வென்ற அதே சீட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு. கூட்டம் கைதட்டியது. நான் சட்டத்தைப் பார்க்காமல் பாலத்தைப் பார்த்தேன்.

வெர்னெல் சட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியிலிருந்து தலையைத் திருப்பி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ்டர் ஷுகர், சீட்டை மடிச்சுத்தானே பெட்டியில போடணும்?"

"ஆமா."

"இது மடிப்பே இல்லாம இருக்கே."

நான் கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"கையெழுத்து லெமோடது. உள்ள வச்சது நீங்க. அப்படித்தானே?"

"உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சோம்."

"எனக்கா, உங்களுக்கா?"

ட்விலா எண்ணத் தயாராகச் சொல்லிக் கூட்டத்துக்குக் கை காட்டினாள். இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

"எங்க வீட்டை இடிச்சப்ப நான் தெருமுனையில நின்னேன்" என்றாள் வெர்னெல். "இயந்திரத்துல ஒருத்தன் உக்காந்திருந்தான். காதுல சிவப்பு மப்ளர். ஒரு கையில சாண்ட்விச். தின்னுக்கிட்டே இன்னொரு கையால நெம்புகோலை இழுத்தான். எங்கம்மா மொகம்கூட எனக்குச் சில நாள் மங்கலாத்தான் வருது. அவன் மொகம் அப்படியே இருக்கு. லெம் அந்தக் கட்டடத்துல வாழ்ந்திருக்கான். அவன் மனசுல அந்த மப்ளர்காரனா நான் உக்காரணுமா?"

"அவரேதான் கேட்டாரு, மிஸஸ் பிக்கெட்."

"கேப்பான். அவனுக்கு நாலடி தள்ளித்தான் எதுவும் தெரியும்."

பத்து, ஒன்பது என்று நாற்பதாயிரம் பேர் எண்ணினார்கள். அவள் சட்டத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். ட்விலா பதறி, "அழுத்துங்க மேடம், அழுத்துங்க" என்றாள். மூன்று. இரண்டு.

ஒன்று.

வெடித்தது. கிண்ணத்தின் விளிம்பு வரிசையாக மடங்கியது. பத்தொன்பது நொடியில் முப்பத்தொரு வருடம் தூசியாக நதியைத் தாண்டிப் போனது.

"நான் தொடல" என்றாள் வெர்னெல். பைக்குள்ளிருந்து கைகளை எடுத்துப் பார்த்தாள். "தொடவே இல்லயே!"

7

நல்ல எழுத்தாளன் ஒருவன் முன்பே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்றை இப்போதுதான் சொல்கிறேன். அந்தப் பொத்தான் எதனோடும் இணைக்கப்படவில்லை. எல்லா ஊரிலும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அப்படித்தான். அது ஒரு அழைப்பு மணிப் பொத்தான். வெடி வைப்பவர் இரண்டு தெரு தள்ளி ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து வெடித்தார். எனக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். லெமுக்குத் தெரியாது. அவர் என்னிடம் கேட்டது உண்மையான பரிசு. நான் கொடுத்தது கம்பியில்லாத பெட்டி.

மேடையிலேயே அவளிடம் சொன்னேன். அவள் என்னை அடித்திருக்கலாம். பெட்டியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள். அடியில் ஒன்றுமில்லை.

"அப்ப எங்களை எதுக்கு இங்க நிக்க வச்சே?" என்றாள். அதுவரை இருந்த 'நீங்க' போய்விட்டது.

மறுநாள் நாளிதழில் தூசி மேகத்துக்கு முன்னால் அவள் படம். மேசை மறைத்ததால் கைகள் தெரியவில்லை. 'அரங்கத்தை வீழ்த்திய விரல்' என்று தலைப்பு. மேடைக்குக் கீழே நின்ற லெமுக்கும் கைகள் தெரிந்திருக்காது.

8

அவர்கள் கார் தெருமுனையில் நின்றது. கண்ணாடியெல்லாம் சாம்பல் நிறத் தூசி. மன்னிப்புக் கேட்க ஓடினேன். உள்ளே இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்; அல்லது ஒருவர் பேச ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். தட்டினேன். வெர்னெல் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினாள்.

"நீ எழுதறவனாமே. லெம் சொன்னான்."

"கொஞ்சம்."

"எழுது. ஆனா இந்தக் காருக்குள்ள பேசினதை எழுதாத. உனக்குக் கேக்கல."

கண்ணாடி ஏறியது.

அதை மீறி மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் உண்மையைச் சொல்கிறாள். தான் கொடுத்த பரிசை மறுத்துவிட்டாளே என்று லெம் உடைகிறார். இன்னொன்றில், "அமுத்தினேன் லெம், நல்லா இருந்துச்சு" என்று அவருக்காகப் பொய் சொல்கிறாள். மூன்றாவதில் அவள் பொத்தான் பொய் என்பதைச் சொல்ல, இருவரும் பனியில் சிரித்த மாதிரி சிரிக்கிறார்கள். மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆகவே அதை முதலில் கிழித்தேன்.

9

முடிவு இல்லாமலே அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். போன சனிக்கிழமை மதியம் மீன் கடையில் அவர்களைப் பார்த்தேன். வறுத்த கெளுத்திக்கு நீண்ட வரிசை. வெர்னெல் வரிசையில் நின்றாள். லெம் ஜன்னலோர மேசையிலிருந்து கை காட்டி என்னை எதிரில் உட்கார வைத்தார். முழங்கால் வலி, புது அரங்கத்துக்குக் கூரை போதாது என்று கொஞ்சம் பேசினார். பிறகு முன்னால் குனிந்தார்.

"ஷுகர், அன்னிக்கு நீ மேடையில பக்கத்துலதானே நின்னே?"

"ஆமா."

"அவ அமுத்தினாளா?"

நான் வெர்னெல் இருந்த பக்கம் பார்த்தேன். தட்டு வாங்கிவிட்டாள். மூன்று தட்டு; எனக்கும் சேர்த்து.

"அவங்க என்ன சொன்னாங்க, மிஸ்டர் பிக்கெட்?"

"அவ சொன்னதை உன்கிட்டச் சொல்ல மாட்டேன். அவ சொன்னது சொன்னதுதான். நீ பாத்ததை நீ சொல்லு."

அவர் முகத்தில் எதையாவது படிக்கலாமா என்று தேடினேன். மைதானத்து நடுவில் கையை மட்டும் அசைத்து நின்ற அதே முகம். ஆம் என்றால், அவள் உண்மை சொல்லியிருக்கும் பட்சத்தில் அவளைப் பொய்க்காரியாக்குகிறேன். இல்லை என்றால், அவள் அவருக்காகச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே பொய்யை உடைக்கிறேன். ஒருமுறை இவர்கள் கதையில் கை வைத்துவிட்டேன். இப்போது வாயை வைக்கச் சொல்கிறார்.

வெர்னெல் தட்டுகளோடு மேசைகளுக்கு நடுவில் வருகிறாள். சாஸ் வாங்க மறந்து ஒரு முறை திரும்பினாள், திரும்பவும் வருகிறாள். என்னைப் பார்த்துவிட்டாள். அவர் கேட்டது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அவள் தலையை அசைக்கவில்லை, கண் காட்டவில்லை. இன்னும் எட்டு அடி தூரம்.

லெம் காத்திருக்கிறார். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

இதுவரை படித்த நீங்கள் அவளை என்னளவுக்கு அறிவீர்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.